சோதனை என்கிறோமே, அது என்ன? விசுவாசம் வளரும் விதம் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்வார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை போய்விட்டது, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறார்கள், மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. இவை எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருப்பது ஒரே சொல்தான்: சோதனை. "சோதனைக் காலம் சிஸ்டர், விசுவாசத்துல வளருவீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுவோம்.

போன லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) பி.காம். படிக்கும் தம்பி ஒருவன் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணா, யாக்கோபு முதல் அதிகாரம் ரெண்டாம் வசனத்துல, சோதனை வந்தா சந்தோஷமா எண்ணுங்கன்னு இருக்கு. பதிமூணாம் வசனத்துல, தேவன் ஒருத்தரையும் சோதிக்கிறவரல்லன்னு இருக்கு. ஆதியாகமம் இருபத்திரெண்டுல, தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்னு இருக்கு. இதுல எது சரி?"

பெரியவர் ஒருவர், "விசுவாசிச்சா போதும்ப்பா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அது அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அன்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து படித்து, போதகரிடம் கேட்டு, எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்குள் இரண்டு காரியங்கள்

பரீட்சை ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளைக் கொடுக்கிற ஆசிரியர், மாணவன் தேற வேண்டும் என்றுதான் கொடுக்கிறார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் பிட்டை நீட்டுகிறான். அதே ஹால், அதே மூன்று மணி நேரம். ஆனால் கேள்வித்தாள் ஒரு காரியம், பிட் வேறொரு காரியம். முதலாவது அவனுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரப் பார்க்கிறது. இரண்டாவது அவனை விழவைக்கப் பார்க்கிறது.

தமிழில் இந்த இரண்டையும் 'சோதனை' என்றே சொல்கிறோம். மொழிபெயர்த்தவர்கள் செய்த தவறு இல்லை இது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் 'பெய்ராஸ்மோஸ்' என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும் வருகிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைச் சுற்றியிருக்கும் வசனங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் முதல் பொருளுக்குப் 'பரீட்சை' என்றும் இரண்டாவதுக்குத் 'தூண்டுதல்' என்றும் சொல்கிறேன்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். ஆபிரகாமுக்கு வந்தது பரீட்சை. யாக்கோபு தன் கடிதத்தின் இரண்டாம் வசனத்தில் பேசுவதும் பரீட்சை. பதிமூன்றில் பேச்சு தூண்டுதலுக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த வசனமே அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." தேவன் பரீட்சை வைக்கிறார். பிட் நீட்டுவதில்லை.

நடைமுறையில் இரண்டும் ஒன்றாகவே வரும் என்பதால்தான் நமக்குக் குழப்பம். வேலை போன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். "தேவன் இன்னும் என்னோடு இருக்கிறாரா?" என்பது அவருக்குப் பரீட்சை. அதே வாரத்தில் யாரோ போன் செய்து, "இருபதாயிரம் கொடுங்க, போலி அனுபவச் சான்றிதழ் ரெடி பண்ணித் தர்றேன்" என்கிறார். அது தூண்டுதல். நடந்தது ஒன்று. அதற்குள் இருக்கும் அழைப்புகள் இரண்டு.

நெருப்பு தங்கத்தை உண்டாக்குவதில்லை

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். அதனால் 1 பேதுரு 1:7 எங்கள் வீட்டில் தனிப் பிரியத்தோடு வாசிக்கப்படும்: "அழிந்துபோகிற பொன் அக்கினியினாலே சோதிக்கப்படும், அதைப்பார்க்கிலும் அதிக விலையேறப்பெற்றதாயிருக்கிற உங்கள் விசுவாசம்…"

பிரசங்கங்களில் இந்த வசனத்தைக் கேட்கும்போது, நெருப்பில் போட்டால் எதுவும் தங்கமாகிவிடும் என்பதுபோல நமக்குத் தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை. தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து பாறையை வெட்டி மேலே கொண்டுவந்தார்கள். அதை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்துப் பிரித்து, கடைசியில் உலையில் உருக்கினார்கள். டன் கணக்கில் பாறை போனால் கிராம் கணக்கில் பொன் வரும். மீதியெல்லாம் இன்றைக்கும் அங்கே சாம்பல் நிற மேடுகளாகக் கிடக்கிறது. பாறைக்குள் பொன் இல்லையென்றால் எந்த உலையாலும் அதைக் கொண்டுவர முடியாது.

நகையின் தரம் பார்க்கும் இடங்களிலும் இதே கதைதான். கொஞ்சம் மாதிரி எடுத்து, ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பல் போன்ற பொருளால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலைக்குள் விடுகிறார்கள். ஈயம் உருகி, செம்பு போன்ற கலப்பு உலோகங்களையும் சேர்த்துக்கொண்டு கிண்ணத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். பொன்னும் வெள்ளியும் மட்டும் ஒரு சின்ன மணியாக மேலே நிற்கும். அந்த வெள்ளியையும் அமிலத்தில் கரைத்துவிட்டால் மிஞ்சுவது பொன். உலை அதற்குள் ஒன்றையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்தது, அவ்வளவுதான்.

வள்ளுவர் 'சுடச்சுடரும் பொன்போல்' என்று தொடங்கும் குறளை 'நோற்கிற் பவர்க்கு' என்று முடிக்கிறார். துன்பம் சுடும்போது ஒளி கூடுவது எல்லோருக்கும் இல்லை, அதைத் தாங்கி நிற்பவர்களுக்கு. அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம்.

இதுவரை பார்த்தது: பரீட்சை வேறு, தூண்டுதல் வேறு. பரீட்சை விசுவாசத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது, கலப்பைப் பிரிக்கிறது. அப்படியானால் வளர்ச்சி எங்கிருந்து வருகிறது? அதற்குப் பொன்னின் உதாரணம் போதாது. பொன் வளராது. உயிருள்ள ஒன்று வேண்டும்.

அதே வெயில்தான்

மத்தேயு 13-இல் விதைக்கிறவன் உவமை இருக்கிறது. கற்பாறை நிலத்தில் விழுந்த விதை சீக்கிரம் முளைத்தது. வெயில் ஏறினதும் தீய்ந்துபோய், வேரில்லாததால் உலர்ந்துபோனது. அந்த வெயில் உபத்திரவத்தையும் துன்பத்தையும் குறிக்கிறது என்று இயேசுவே விளக்கம் சொல்கிறார். நல்ல நிலத்துப் பயிர் மேலும் அதே சூரியன்தான் காய்ந்திருக்கும். அது நூறாகவும் அறுபதாகவும் முப்பதாகவும் பலன் தந்தது. வெயிலில் வித்தியாசம் இல்லை, வேரில்தான் வித்தியாசம்.

பெங்களூருவில் இதை வருஷா வருஷம் கண்ணால் பார்க்கிறோம். ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் அரை மணி நேரம் பலமாகக் காற்று அடித்தால், மறுநாள் காலை சாலைகளில் மரங்கள் சாய்ந்து கிடக்கும். பூவும் இலையுமாக நன்றாகத்தான் நின்றிருக்கும் அவை. ஆனால் நடைபாதைக்காகவும் கேபிளுக்காகவும் வேரை வெட்டி, அடிமரம் வரை கான்கிரீட் பூசியிருப்பார்கள். காற்று புதிதாக எந்த நோயையும் கொண்டுவருவதில்லை, கீழே ஏற்கெனவே நடந்திருந்ததைக் காட்டிவிடுகிறது.

வேர் என்று வேதம் எதைச் சொல்கிறது? முதல் சங்கீதத்தில், கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன்தான் நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரம். துன்பமும் வசனமும் சேர்கிற இடம் இதுதான். துன்பம் மட்டும் இருந்தால் மனுஷன் கசந்துபோகலாம், கசந்துபோனவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வசனம் மட்டும் இருந்து துன்பமே தொடாவிட்டால், வேர் எவ்வளவு ஆழம் என்று அவருக்கே தெரியாது.

பாரத்தின் கீழே நிற்பது

பவுல் ரோமர் 5:3, 4-இல் ஒரு சங்கிலியை வைக்கிறார்: "உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது." சபையில் இதை மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் நடுவில் வரும் சொற்கள் புதியவர்களைத் தடுமாறவைக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குத் தெளிவானது. அதில் பொறுமை 'மனஉறுதி' என்றும், பரீட்சை 'தகைமை' என்றும், நம்பிக்கை 'எதிர்நோக்கு' என்றும் இருக்கிறது.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். பொறுமை என்றால் பஸ் வரும்வரை சும்மா காத்திருப்பது என்று நினைக்கிறோம். கிரேக்க மூலத்தில் உள்ள 'ஹுப்பொமோனே' என்ற சொல்லைப் பிரித்தால் 'கீழே தங்கியிருப்பது' என்று வரும். பாரம் மேலே இருக்கிறது, அதன் கீழே ஓடாமல் நிற்கிறோம். தமிழிலும் பொறுத்தல் என்றால் சுமத்தல்தான். அகழ்வாரைத் தாங்கும் நிலத்தை வைத்துத்தான் வள்ளுவரும் பொறுமையைச் சொல்லத் தொடங்குகிறார். ஆக, பொறுமை உடம்பைத் தளர்த்திக்கொண்டு உட்காருவது இல்லை, முதுகைக் கொடுத்து நிற்பது.

தகைமை என்பது சோதித்துப் பார்த்துத் தேறிய குணம், முத்திரை குத்திய தங்கம் மாதிரி. எதிர்நோக்கு என்பது, இதுவரை தாங்கிய தேவன் இனியும் தாங்குவார் என்று முன்னால் பார்ப்பது. அனுபவத்தில் வேர்விட்ட நம்பிக்கை அது.

என் அப்பாவைச் சொல்லாமல் இதை என்னால் விளக்க முடியாது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. அப்போது அப்பாவுக்கு நாற்பத்தொன்பது வயது. பாறையை உடைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. மூன்று மாதம் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஜெபிக்கக் கூப்பிட்டால் வரமாட்டார். அப்புறம் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூருவுக்கு செக்யூரிட்டி வேலைக்கு வரத் தொடங்கினார். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. அந்த ரயிலில் சட்டைப்பையில் ஒரு சின்னப் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருக்கும். தினமும் பதின்மூன்றாம் சங்கீதத்தையே படிப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் வேறு எதையும் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சாட்சியாக மேடையில் சொல்லும்படி அப்பாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நல்ல வேலை கிடைக்கவில்லை, கடைசிவரை செக்யூரிட்டிதான். ஆனால் சில வருஷம் கழித்து, பக்கத்து வீட்டுப் பையன் விபத்தில் இறந்தபோது, எல்லோரும் வசனம் சொல்லி ஆறுதல்படுத்திவிட்டுப் போன பிறகு, அப்பா அந்தத் தகப்பனாருக்குப் பக்கத்தில் மூன்று நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக்கொடுத்தார். அவர் அழுதபோது தோளைப் பிடித்துக்கொண்டார். சுரங்கம் மூடுவதற்கு முன்பிருந்த என் அப்பாவால் அது முடிந்திருக்காது. பவுல் சொல்லும் தகைமை என்னவென்று நான் கண்டது அங்கேதான்.

பொறுமை எது இல்லை

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு இருக்கும் பெண்ணிடம், "பொறுமையாயிரு, இது உன் சோதனை" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. தமஸ்கு பட்டணத்தில் எதிரிகள் தன்னைக் கொல்லக் காத்திருந்தபோது, பவுல் கூடையில் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பித்தார். அநியாயமாக விசாரித்தபோது ராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, மேல்முறையீடு செய்தார். பொறுமையைப் பற்றி எழுதின அதே பவுல்தான் இதையும் செய்தார். தப்பிக்க வழியிருந்தால் தப்பிப்பதும், போலீசுக்குப் போவதும், மனச்சோர்வுக்கு டாக்டரைப் பார்ப்பதும் விசுவாசக் குறைவு இல்லை. சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும்தான்.

சந்தோஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோதனை வந்தால் "சந்தோஷமாக எண்ணுங்கள்" என்றுதான் யாக்கோபு எழுதுகிறார். அது சிரித்த முகம் காட்டச் சொல்லும் கட்டளை இல்லை. எண்ணுவது என்றால் கணக்கில் வைப்பது. இன்றைக்கு வலிக்கிறது, ஆனால் இது எதை நோக்கிப் போகிறது என்று சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார். இயேசுவே லாசருவின் கல்லறையில் கண்ணீர் விட்டார்.

தவறாகச் சொல்லப்படும் ஆறுதல்கள்

முதலாவது, "ஏதோ பாவம் இருக்கு, அதான்." எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவருடைய சிநேகிதர்கள் செய்தது இதுதான். அவர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டது. கடைசி அதிகாரத்தில், அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவனே கடிந்துகொள்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. சில கஷ்டங்கள் நம் தவறுகளின் விளைவாக வரும், உண்மைதான். அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கிற வேலையை மட்டும் நமக்கு யாரும் கொடுக்கவில்லை.

இரண்டாவது, "தாங்க முடியாத பாரத்தை தேவன் தரமாட்டார்." இது 1 கொரிந்தியர் 10:13-லிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அந்த அதிகாரம் விக்கிரகத்தையும் இச்சையையும் பற்றிப் பேசுகிறது, அதாவது தூண்டுதல். விழாமல் தப்பிக்க எப்போதும் ஒரு வழி உண்டு என்பதே வாக்கு. பாரத்தைப் பற்றி அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் (கடிதத்தில்), "எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார். ஐ.சி.யு. வாசலில் நிற்கும் ஒருவரிடம், "உங்களால தாங்க முடியும்னுதான் கொடுத்திருக்கார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மூன்றாவது, வாக்குத்தத்த அட்டை, அதாவது வரும் வருஷத்துக்கென்று எடுக்கும் வசன அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து நானும் எடுக்கிறேன், எனக்கு அது பிடிக்கும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பல வருஷமாக எரேமியா 29:11 ஒட்டியிருந்தது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷம் வீட்டுக் கடன் கிடைக்கும் என்பதுபோலத்தான் அதை வாசித்துவந்தேன். ஒருநாள் அதிகாரம் முழுவதையும் படித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனம், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. வாசித்தவர்களில் பலர் திரும்பி வருவதற்குள் இறந்திருப்பார்கள். அதுவரை என்ன செய்ய வேண்டுமாம்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். ஊரை விட்டு வந்து கன்னடம் கற்றுக்கொண்டு வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு, அட்டையில் இருந்த ஒரு வரியைவிட அந்த முழுக் கடிதம் பல மடங்கு பெரிய ஆறுதல்.

வசனம் உள்ளே போகும் விதம்

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் (கத்தோலிக்கப் பதிப்பில் இன்னும் கூடுதல்). தினம் மூன்று நான்கு படித்தால் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம். நல்ல பழக்கம்தான். ஆனால் 'தியானம்' என்று சங்கீதம் சொல்வது அது இல்லை. எபிரெயத்தில் 'ஹகா' என்ற அந்தச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்று பொருள். இரையின்மேல் நின்று கெர்ச்சிக்கும் சிங்கத்துக்கும், புறாவின் புலம்பலுக்கும்கூட ஏசாயாவில் அதே சொல் வருகிறது. கண்ணை மூடி மனதைக் காலியாக்குவது இல்லை, வாய்க்குள் போட்டு மெல்லுவது. மாடு மேயும்போது வேகமாக விழுங்கிவிட்டு, நிழலில் படுத்துக்கொண்டு அசைபோடுமே, அந்த மாதிரி.

வனாந்தரத்தில் பிசாசு இயேசுவிடம் வந்தபோது அவர் கையில் சுருள் எதுவும் இல்லை. மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து, உள்ளேயிருந்து வந்தன. பிசாசும் வசனம் சொன்னான், 91-ஆம் சங்கீதத்திலிருந்து. ஆகவே வசனம் தெரிந்திருப்பது மட்டும் போதாது, அதன் இடமும் நோக்கமும் தெரிய வேண்டும். சிலுவையிலும், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவர் கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. நெருக்கத்தில் சொந்த வார்த்தை வராத நேரத்தில், மென்று வைத்திருந்த வார்த்தை வரும்.

புலம்பல் சங்கீதங்களைச் சபையில் நாம் குறைவாகத்தான் வாசிக்கிறோம். முறையிடுவது அவிசுவாசம் என்று ஒரு பயம். ஆனால் யாரிடம் முறையிடுகிறோமோ அவர் கேட்கிறார் என்று நம்புவதால்தான் முறையிடுகிறோம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு துதி இல்லை. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கே ஆரம்பிப்பது

அந்தத் தம்பி கடைசியாகக் கேட்டது இதுதான். அப்பாவின் சங்கீதத்தையே சொன்னேன். சங்கீதம் 13, ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் மட்டும் 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் வருகிறது. மூன்றிலும் நான்கிலும் வேண்டுதல். ஐந்தில்தான், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறது. சத்தமாக, மெதுவாக, ஒரு வாரம் அதையே படிக்கச் சொன்னேன்.

"அஞ்சாம் வசனத்தை மனசார சொல்ல முடியலன்னா என்னண்ணா பண்றது?" என்றான்.

அப்பாவின் புத்தகத்தில் இரண்டாம் வசனத்துக்குக் கீழே ஒரு பென்சில் கோடு இருக்கிறது. பல நாள் அங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலை விட்டு இறங்கிவிடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதை அவனிடம் சொன்னேன். இரண்டாவது வரைக்கும்தான் முடிகிறது என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள், நாளைக்கு மறுபடியும் முதல் வசனத்திலிருந்து தொடங்கு.